ஊசி வந்த வழி: அக்குபங்சருக்குப் புதிதாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வரலாறு

குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று தென்சென்னைப் புறநகரில் நடந்து போனால் எங்காவது ஓர் 'அக்குபங்சர்' போர்டு கண்ணில் படும். முழங்கால் வலிக்குப் பாட்டியும், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி வந்த பேரனும் அங்கே போகிறார்கள். இத்தகைய போர்டுகளிலும் நோட்டீஸ்களிலும் பெரும்பாலும் மூன்று வாசகங்கள் இருக்கும்.

ஒன்று, 5000 ஆண்டு பழமையான மருத்துவம்.
இரண்டு, உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது.
மூன்று, பக்கவிளைவே இல்லாதது.

இந்த மூன்றில் எது உண்மை, எது பாதி உண்மை? முதல் தடவை போகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போனால் பணமும் மிச்சம், உடம்புக்கும் நல்லது. அதற்கு இந்த ஊசியின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அந்த வரலாற்றில் தாம்பரத்துக்கும் சேத்துப்பட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பது பலருக்கும் தெரியாது!

5000 ஆண்டா?

5000 ஆண்டு என்ற கணக்கு, சீனர்களின் புராண அரசரான 'மஞ்சள் பேரரசர்' காலத்திலிருந்து போடப்படுவது. அவர் பெயரில் வழங்கும் 'ஹுவாங்டி நெய்ஜிங்' என்ற மருத்துவ நூல்தான் அக்குபங்சரின் மூல நூல். ஆனால் அந்த நூல் தொகுக்கப்பட்டது சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்புதான்.

இதற்கு ஒரு நல்ல சான்று 1973-ல் கிடைத்தது. சீனாவில் மாவாங்டுய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். உள்ளே பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் இருந்தன. உடம்பில் ஓடும் சக்திப் பாதைகளைப் பற்றி அவற்றில் எழுதியிருக்கிறது. மூலிகையைக் கொளுத்திச் சூடு காட்டும் சிகிச்சையும் இருக்கிறது. ஊசி குத்தும் சிகிச்சை மட்டும் இல்லை! ஆக, முதலில் பாதைகள் வந்தன, பிறகுதான் ஊசி வந்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அதன் பிறகும் ஊசி ஒரே சீராக மதிக்கப்பட்டு வந்ததா என்றால் அதுவும் இல்லை. 1822-ல் சீனப் பேரரசர் தாவ்குவாங், அரண்மனை மருத்துவக் கழகத்தில் அக்குபங்சரைத் தடை செய்தார். 1929-ல் அன்றைய தேசியவாத அரசு, நாட்டு மருத்துவம் முழுவதையுமே ஒழித்துவிடப் பார்த்தது. மருத்துவர்களும் மருந்து வியாபாரிகளும் பெரிய போராட்டம் நடத்திய பிறகுதான் அது நின்றது. 1930-களில் செங் டான்-ஆன் என்ற மருத்துவர், நவீன உடற்கூறு நூல்களைப் படித்து, ரத்தக்குழாய்களின் மேல் விழாதபடி புள்ளிகளை மாற்றி அமைத்தார். மெல்லிய ஊசிகளையே பயன்படுத்தச் சொன்னார். இன்று கிளினிக்கில் பார்க்கும் முடி போன்ற ஊசிச் சிகிச்சைக்கு அவருடைய பங்கு பெரிது.

1949-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. மக்கள் தொகையோ ஏராளம், பயிற்சி பெற்ற டாக்டர்களோ மிகக் குறைவு, மருந்துக்குப் பணமும் இல்லை. ஊசியோ மலிவு. கிராமத்தில் சில மாதப் பயிற்சி கொடுத்தே ஆளை உருவாக்கலாம். அதனால் மாவோ அரசு 1950-களில் அக்குபங்சரைத் தூக்கி நிறுத்தியது. 1960-களின் கடைசியில் 'வெறுங்கால் மருத்துவர்கள்' அதைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள்.

ஆகவே முதல் வாசகத்தைத் திருத்தி எழுதினால் இப்படி வரும்: வேர் 2000 ஆண்டுப் பழமை, இன்றைய வடிவம் நூறு ஆண்டுக்கும் குறைவு.

இந்தியாவுக்குக் கொண்டுவந்தது யார்?

இங்கே நமக்குப் பெருமையான ஒரு கதை இருக்கிறது. 1937-ல் ஜப்பான் சீனா மீது படையெடுத்தது. காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை செய்ய ஆள் இல்லை. சீனத் தளபதி ஜூ டே, நேருவுக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் சுபாஷ் சந்திர போஸ். மக்களிடம் நிதி திரட்டி, 1938-ல் ஐந்து டாக்டர்கள் கொண்ட குழுவைக் காங்கிரஸ் அனுப்பி வைத்தது. டாக்டர் அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி ஆகியோர்தான் அந்த ஐவர். இந்தியாவே அடிமையாக இருந்த காலத்தில் இன்னொரு நாட்டுக்கு மருத்துவக் குழு அனுப்பினார்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல.

இவர்களில் சோலாப்பூரைச் சேர்ந்த துவாரகநாத் கோட்னிஸ் திரும்பி வரவே இல்லை. போர்முனையில் அறுவை சிகிச்சை செய்தபடியே, 1942 டிசம்பர் 9 அன்று 32-வது வயதில் சீனாவிலேயே இறந்தார். 1946-ல் வி.சாந்தாராம் அவரைப் பற்றி ஹிந்தியில் ஒரு படமே எடுத்தார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குழு ஊசி மருத்துவம் கற்கப் போகவில்லை. அவர்கள் செய்தது நவீன அறுவை சிகிச்சை. அக்குபங்சரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர் அதே குழுவில் இருந்த டாக்டர் பிஜய் குமார் பாசு. 1943-ல் இந்தியா திரும்பிய அவர், 1950-களின் இறுதியில் மறுபடி சீனா போய் அக்குபங்சர் கற்றுக்கொண்டு, கல்கத்தாவில் சிகிச்சை செய்யவும் மற்றவர்களுக்குச் சொல்லித்தரவும் தொடங்கினார். வங்காளத்தில் கோட்னிஸ் நினைவுக் குழுக்கள் ஏழைகளுக்காக அக்குபங்சர் மையங்கள் நடத்தின. பஞ்சாபில் லூதியானாவிலும் கோட்னிஸ் பெயரில் அக்குபங்சர் மருத்துவமனை இருக்கிறது.

தெற்கே இன்னொரு வழியும் இருந்தது. இலங்கையில் கொழும்பு களுபோவில ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்டன் ஜெயசூரிய அக்குபங்சர் பிரிவு நடத்தி, வெளிநாட்டுக்காரர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.

இதில் புதிய நோயாளி கவனிக்க வேண்டியது என்ன? பாசுவும் ஜெயசூரியவும் முறைப்படி நவீன மருத்துவம் படித்த டாக்டர்கள். நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் கையில்தான் முதலில் ஊசி இருந்தது. ஊசி போடக் கற்றுக்கொள்வது ஒரு விஷயம். வந்திருக்கும் முதுகுவலி வெறும் முதுகுவலியா, எலும்பில் காசநோயா, சிறுநீரகக் கல்லா என்று கண்டுபிடிப்பது வேறு விஷயம்.

இது நம் வர்மம்தானே?

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் அடிக்கடி வரும். போகர் சீனா போனார், காஞ்சிபுரத்திலிருந்து போதிதர்மர் போனார், அவர்கள் கொண்டுபோனதுதான் அக்குபங்சர் என்று சொல்வார்கள். '7-ஆம் அறிவு' (2011) படம் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் அதிகமானது.

சித்த மருத்துவத்தின் வர்மக் கலையில் 108 வர்மப் புள்ளிகள் சொல்லப்படுகின்றன. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. அக்குபங்சரில் 14 சக்திப் பாதைகளில் 361 புள்ளிகள். வர்மத்தில் கை விரல்தான் கருவி. அங்கே ஊசி. இரண்டுக்கும் பின்னால் உள்ள தத்துவமும் வேறு. வாதம், பித்தம், கபம் என்பது சித்தம். யின், யாங், பஞ்சபூதத்தில் மரமும் உலோகமும் சேர்வது சீனம். இங்கிருந்து அங்கே போனது என்பதற்கு நம்பத்தகுந்த ஆவணம் கிடையாது. பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளலாம், சரித்திரமாகச் சொல்ல முடியாது.

இந்தக் குழப்பம் தாம்பரத்தில் இன்னும் முக்கியம். காரணம், தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005 செப்டம்பர் 3 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதன் ஆஸ்பத்திரிக்கு அயோத்திதாச பண்டிதர் பெயர். அங்கே உள்ள சித்த மருத்துவர் பி.எஸ்.எம்.எஸ். என்ற ஐந்தரை ஆண்டுப் படிப்பு முடித்து, கவுன்சிலில் பதிவு செய்தவர். 'அரசாங்கமே சித்த ஆஸ்பத்திரி நடத்துகிறது, அதனால் பக்கத்துத் தெரு அக்குபங்சரும் அரசாங்கம் ஒப்புக்கொண்டதுதான்' என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் வேறு முறை, இரண்டுக்கும் சட்டமும் வேறு.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுஷ் என்பதில் ஆயுர்வேதம், யோகா, இயற்கை மருத்துவம், யுனானி, சித்தம், சோவா ரிக்பா, ஹோமியோபதி ஆகியவை அடங்கும். அக்குபங்சர் அதில் தனிப்பெயராக இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பர் 25 அன்று வெளியிட்ட உத்தரவில், அக்குபங்சரை ஒரு 'சிகிச்சை வழி' என்று ஏற்றுக்கொண்டது. பதிவு பெற்ற மருத்துவர்களோ, தகுந்த பயிற்சி பெற்றவர்களோ அதைச் செய்யலாம் என்றது. முழுமையான மருத்துவ முறை என்று அப்போது சொல்லவில்லை. 2019 பிப்ரவரி 21 அன்று வந்த இன்னோர் உத்தரவு, அதைத் தனியான சுகாதாரச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

மாநில அளவில் மேற்கு வங்கம் 1996-லேயே தனிச்சட்டம் இயற்றியது. பாசுவின் ஊர் அல்லவா! மகாராஷ்டிரம் 2015-ல் சட்டம் கொண்டுவந்தது. பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பிலும் அக்குபங்சர் ஒரு பாடமாக இருக்கிறது.

ஆக, சுவரில் சர்டிபிகேட் மாட்டியிருந்தால் மட்டும் போதாது. அது எந்தப் படிப்பு, எத்தனை மாதம், யார் கொடுத்தது, கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில மாதங்களில் முடிகிற டிப்ளமோவும் உண்டு, ஐந்தரை ஆண்டுப் பட்டமும் உண்டு. இரண்டு பேர் பெயருக்கு முன்னாலும் 'டாக்டர்' என்று போட்டிருக்கலாம்!

ஒரு பத்திரிகையாளரின் குடல்வால்

1971-க்கு முன்பு அமெரிக்காவில் பொது மக்களுக்கு அக்குபங்சர் பெரிதாகத் தெரியாது. அந்த ஆண்டு நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டன் சீனா போயிருந்தபோது அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தது. பீகிங்கில் ஆபரேஷன் நடந்தது. ஜூலை 26-ம் தேதி அவர் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு ஜனாதிபதி நிக்சனும் சீனா போனார். அக்குபங்சர் மோகம் பற்றிக்கொண்டது.

மயக்க மருந்தே இல்லாமல், ஊசி மட்டும் குத்தி ரெஸ்டனுக்கு ஆபரேஷன் செய்தார்கள் என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். அது தவறு. ஆபரேஷன் வழக்கமான மரப்பு ஊசி போட்டுத்தான் நடந்தது. மறுநாள் வயிறு உப்பி அவஸ்தைப்பட்டபோது மூன்று ஊசிகள் குத்தி, மூலிகைச் சூடு காட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்று அவரே எழுதினார்.

ஊசியால் சரியானதா? சூட்டாலா? ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு வரும் வாயுத் தொல்லை தானாகவே சரியானதா? ஒரே ஓர் ஆளை வைத்து இதைச் சொல்லவே முடியாது. பின் எப்படித்தான் தெரிந்துகொள்வது? இந்தக் கேள்விக்கு உலகமே மெச்சும் விடை கிடைத்த ஊர்களில் ஒன்று நம் சென்னை!

சானடோரியம் சொல்லித்தந்த பாடம்

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தினம் இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரியும்? டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். 1917-ல் கணிதமேதை ராமானுஜன் அங்கே அவரிடம் நோயாளியாக இருந்தார். அந்த டாக்டர் ஊர் திரும்பி, 1928-ல் தாம்பரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியம் தொடங்கினார். 1937-ல் சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை அதுதான்.

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு ஆகியவைதான் சிகிச்சை. உலகம் முழுவதும் பெரிய டாக்டர்களே அதை நம்பினார்கள். அதில் தேறியவர்களும் இருந்தார்கள். தேறியவர்கள் சானடோரியத்தைப் புகழ்ந்தார்கள். தேறாதவர்கள் புகழவோ திட்டவோ இல்லை, இறந்துபோனார்கள்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1952-ல் ஐசோனியாசிட் வந்தது. இப்போது ஒரு கேள்வி எழுந்தது. மருந்து இருக்கும்போது சானடோரியம் வேண்டுமா? இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில், படுக்கைகளோ கொஞ்சம். வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா?

இதைச் சோதிக்க 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து நடத்தின. நோயாளிகளைக் குலுக்கல் போலப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள். மறு பாதி வீட்டிலேயே இருந்தார்கள். மருந்து இருவருக்கும் ஒன்றே, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளில், சானடோரியத்தை விட மட்டமான சாப்பாட்டோடு, குறைந்த ஓய்வோடு இருந்தவர்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. ஒரு வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 100-க்கு 92 பேர், வீட்டில் 86 பேர். பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. காற்றும் ஓய்வும் சாப்பாடும் நல்லவைதான், ஆனால் நோயைக் குணப்படுத்தியது மருந்து! உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணமானது.

இதில் உள்ள பாடம் எளிமையானது. 'எனக்குக் குணமானது' என்று நூறு பேர் சொன்னாலும் எதனால் குணமானது என்று தெரியாது. மற்றதெல்லாம் சமமாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு குழுவை ஒப்பிட்டால்தான் தெரியும். கடையில் விளம்பரத்துக்குப் பிறகு விற்பனை கூடியது என்றால், விளம்பரத்தாலா தீபாவளியாலா என்று பார்க்க வேண்டாமா? அது மாதிரிதான்.

ஊசியைச் சோதித்தபோது

அக்குபங்சரை எப்படி ஒப்பிடுவது? இதற்குப் 'போலி ஊசி' என்ற உத்தி உண்டு. சீன நூல்கள் சொல்லும் புள்ளியில் குத்தாமல், சம்பந்தமில்லாத இடத்தில் மேலாகக் குத்துவார்கள். எது நிஜ ஊசி, எது போலி என்று நோயாளிக்குத் தெரியாது.

ஜெர்மனியில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் அக்குபங்சருக்குப் பணம் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அதற்காகவே பெரிய ஆய்வுகள் நடந்தன. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1162 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். 2007-ல் வெளியான முடிவு இது:

நிஜ ஊசி: 47.6 சதவீதம் பேருக்குப் பலன்.
போலி ஊசி: 44.2 சதவீதம்.
மாத்திரை, உடற்பயிற்சி போன்ற வழக்கமான சிகிச்சை: 27.4 சதவீதம்.

இதை இரண்டு பக்கத்தாரும் தங்களுக்குச் சாதகமாகச் சொல்வார்கள். ஊசி ஆதரவாளர், 'பார்த்தீர்களா, வழக்கமான சிகிச்சையை விட ஊசி மேல்' என்பார். எதிர்ப்பாளர், 'பார்த்தீர்களா, எங்கே குத்தினாலும் ஒன்றுதான்' என்பார். இரண்டுமே அந்த எண்களில் இருக்கிறது! ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வலி குறைந்தது நிஜம். ஆனால் அதில் பெரும்பகுதி, எந்தப் புள்ளி என்பதைப் பொறுத்து இல்லை. எதிர்பார்ப்பு, அரை மணி நேரம் படுத்து ஓய்வெடுப்பது, ஒருவர் அக்கறையாகக் கவனிப்பது எல்லாம் அதில் சேர்ந்திருக்கலாம். ஜெர்மனி 2006-ல் இடுப்புவலிக்கும் முழங்கால் தேய்மான வலிக்கும் பணம் கொடுக்க ஒப்புக்கொண்டது.

இங்கிலாந்தில் நைஸ் என்ற அரசு அமைப்பின் கதை இன்னும் சுவாரஸ்யம். 2009-ல் இடுப்புவலிக்கு அக்குபங்சர் தரலாம் என்றது. 2016-ல் வேண்டாம் என்றது. 2021-ல், காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு மட்டும் பரிசீலிக்கலாம் என்றது. 2022-ல் மூட்டுத் தேய்மானத்துக்கு வேண்டாம் என்றது. பாட்டியின் முழங்காலுக்கு இது முக்கியமான செய்தி. ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருபவர்களுக்கு அது வரும் தடவைகள் குறையலாம் என்று 2016-ல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு சொன்னது.

இப்போது இரண்டாவது வாசகத்துக்கு வரலாம். உலக சுகாதார நிறுவனம் 2003-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது உண்மை. 28 கோளாறுகளுக்குப் பலன் இருப்பதாக அதில் ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அது 1990-களின் இறுதி வரை வந்த ஆய்வுகளின் தொகுப்பு. அவற்றில் பல சிறியவை, தரமும் குறைவு என்ற விமர்சனம் உண்டு. மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் அதற்குப் பிறகு வந்தவை. பட்டியல் இருக்கிறது என்பதால் சர்க்கரை, காசநோய், புற்றுநோய் எல்லாம் ஊசியில் குணமாகும் என்று எந்தச் சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை.

இன்னொரு விஷயம். தமிழ்நாட்டில் பல இடங்களில் ஊசியே போடாமல், நாடி பார்த்து ஒரே ஒரு புள்ளியை விரலால் தொடும் 'தொடு சிகிச்சை' நடக்கிறது. மேலே சொன்ன எண்கள் எல்லாம் ஊசி போட்ட ஆய்வுகளில் வந்தவை. அவற்றைத் தொடு சிகிச்சைக்குச் சான்றாகக் காட்டுவது, ஒரு கம்பெனியின் பேலன்ஸ் ஷீட்டைக் காட்டி இன்னொரு கம்பெனியின் ஷேரை விற்பது போல.

பக்கவிளைவே இல்லையா?

மூன்றாவது வாசகம். ஜெர்மனியில் அக்குபங்சர் செய்துகொண்ட 2,29,230 நோயாளிகளைக் கவனித்து 2009-ல் வெளியிட்ட ஆய்வில், 8.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு இருந்தது. பெரும்பாலும் லேசான ரத்தக்கசிவு, கன்றிப்போதல், வலி ஆகியவைதான். இரண்டு பேருக்கு ஊசி ஆழமாக இறங்கி நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்தது. ஆபத்து மிகக் குறைவு என்று சொல்லலாம், இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அங்கே ஊசி போட்டவர்கள் பயிற்சி பெற்ற டாக்டர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவருக்குப் போட்ட ஊசியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் இன்னொருவருக்குப் போட்டு மஞ்சள் காமாலைக் கிருமி பரவிய சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

முதல் தடவை போகிறவர் கவனிக்க...

1. முதலில் எம்.பி.பி.எஸ். டாக்டரிடம் காட்டி என்ன நோய் என்று தெரிந்துகொள்ளுங்கள். இரவில் அதிகமாகும் முதுகுவலி, காய்ச்சல், எடை குறைதல், கால் மரத்துப்போதல், நெஞ்சுவலி இருந்தால் ஊசிக்குப் போகவே வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. சிகிச்சை தருபவரின் படிப்பையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரிடம் போக வேண்டாம்.

3. ஊசி பாக்கெட்டை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் ஊசிதான் வேண்டும்.

4. வெறும் வயிற்றில் போகாதீர்கள். சிலருக்கு மயக்கம் வரும். முதல் தடவை படுத்துக்கொண்டே செய்துகொள்வது நல்லது.

5. கர்ப்பம், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் ஊசியில் கரண்ட் வைக்கும் முறையைத் தவிர்க்க வேண்டும்.

6. ஊசி இறங்கும்போது கொசு கடித்த மாதிரியோ, கனமான உணர்வோ இருக்கலாம். மார்பிலோ மேல்முதுகிலோ ஊசி போட்ட பிறகு மூச்சு வாங்கினால் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.

7. எத்தனை சிட்டிங், மொத்தம் எவ்வளவு செலவு, எத்தனை சிட்டிங்கில் பலன் தெரியாவிட்டால் நிறுத்தலாம் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். ஜெர்மன் இடுப்புவலி ஆய்வில் பத்து சிட்டிங்தான் அடிப்படை. முப்பது சிட்டிங்குக்கு முன்பணம் கேட்டால் யோசியுங்கள். இன்ஷூரன்ஸ் பாலிசியில் இதற்கு இடம் உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கடைசியானதுதான் மிக முக்கியம். ஏற்கனவே சாப்பிடும் மருந்துகளை நிறுத்தாதீர்கள்.

எட்டாவது பற்றி இன்னும் கொஞ்சம்

'இங்கிலீஷ் மாத்திரையை எல்லாம் நிறுத்துங்கள், அப்போதுதான் உயிர்ச்சக்தி வேலை செய்யும்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இடுப்புவலிக்காரருக்கு அப்படிச் சொன்னால் அவர் கொஞ்ச நாள் வலியோடு இருப்பார், அவ்வளவுதான். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளைக்குச் சொன்னால் சில நாட்களில் உயிர் போகும். வலிப்பு மாத்திரை, ரத்த அழுத்த மாத்திரை, தைராய்டு மாத்திரை எல்லாவற்றுக்கும் அதனதன் ஆபத்து உண்டு.

காசநோய்க்கு இது இன்னும் கொடுமை. வழக்கமான காசநோய்க்கு ஆறு மாதம் மருந்து. முதல் இரண்டு மாதத்திலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, ஆள் தேறிவிடுவார். அந்த நேரத்தில் யாராவது 'இனி மருந்து வேண்டாம்' என்றால் நம்பத்தான் தோன்றும். ஆனால் உள்ளே கிருமி மிச்சம் இருக்கும். பாதியில் நிறுத்தினால் அது மருந்துக்கு அடங்காத கிருமியாகத் திரும்பி வரலாம், வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம். தாம்பரம் ஆஸ்பத்திரியில் 1993-லிருந்து எச்.ஐ.வி. நோயாளிகளுக்கும் சிகிச்சை தரப்படுகிறது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்துத் திட்டத்தைத் தொடங்கியபோது அந்த ஆஸ்பத்திரியும் அதில் இருந்தது. அந்த மருந்துகளும் தினமும், தவறாமல், வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியவை.

மருந்தே இல்லாமல் காற்றை நம்பிப் படுத்திருந்தவர்களின் ஊர் அது. அவர்களுக்குக் கிடைக்காதது இன்று அதே இடத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கழுத்துவலிக்கு ஊசி போட்டுப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம். சுத்தமான ஊசி, படித்த ஆள், அளவான செலவு என்றால் போய் வாருங்கள், குறைந்தால் சந்தோஷம். மாத்திரையை நிறுத்துவதா என்பதை மட்டும், அதை எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.